சுருதி நிற்காத கிடார்

வீட்டுக்கு எலெக்ட்ரிக் கிடார் வந்துவிட்டதா? சரி, வந்தது வந்துவிட்டது. "வீணை கற்றுக்கொள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன், கேட்டாளா?" என்று இனிமேல் பேசிப் பிரயோஜனமில்லை. முதல் வாரம் ஒரே அமர்க்களமாக இருந்திருக்கும். இரண்டாவது வாரம்தான் சங்கடம் ஆரம்பம். பெண் கூடத்தில் வாசிக்கிறாள். அடுப்படியில் இருக்கும் உங்கள் காதில் ஏதோ நெருடுகிறது. "என்னடி இது, சுருதியே சேரவில்லையே!" என்கிறீர்கள். "இப்போதுதானே அம்மா சேர்த்தேன்!" என்று அவள் சிணுங்குகிறாள். அவள் சொல்வதும் வாஸ்தவம். உங்கள் காது சொல்வதும் வாஸ்தவம்.

இந்தக் கட்டத்தில் வீட்டில் இரண்டு தீர்ப்புகள் பிறக்கும். "இவளுக்கு ஸ்வர ஞானம் போதாது" என்பது ஒன்று. "இது மட்டச் சரக்கு, வேறு நல்லதாக வாங்கிவிடலாம்" என்பது அவள் அப்பாவின் தீர்ப்பு. முதலாவது பெண்ணின் மனசை ஒடிக்கும். இரண்டாவது பர்ஸை ஒடிக்கும். இரண்டுக்கும் முன்னால் கிடாரைக் கொஞ்சம் விசாரித்துப் பார்த்துவிடுவது நல்லது. விரலைச் சரியான இடத்தில் வைத்தும் தப்பான ஸ்வரமே காதில் விழுந்துகொண்டிருந்தால், குழந்தை கிடாரைச் சந்தேகிக்க மாட்டாள், தன்னையே சந்தேகிப்பாள். ஆறு மாதத்தில் கிடார் பரண் மேல் ஏறிவிடும்.

முதலில் உங்களுக்குத் தெரிந்த பாஷையிலேயே கிடாரைப் புரிந்துகொள்ளுங்கள். ஆறு தந்திகள். ஆங்கில எழுத்தில் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்பார்கள். நம் கணக்கில் கனத்த தந்தியிலிருந்து ஆரம்பித்தால் 3 கட்டை, 6 கட்டை, 2 கட்டை, 5 கட்டை, 7 கட்டை, மறுபடியும் 3 கட்டை. கனத்த தந்தியை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் அடுத்தது அதற்குச் சுத்த மத்தியமம். அதை ஸட்ஜமாக்கினால் அதற்கடுத்தது மத்தியமம். இப்படியே போய், ஓர் இடத்தில் மட்டும் கணக்கு மாறுகிறது. 5 கட்டைத் தந்திக்கு அடுத்த தந்தி மத்தியமம் அல்ல, அந்தர காந்தாரம். இந்தக் காந்தாரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வம்பு அதில்தான் இருக்கிறது. பிறகு சொல்கிறேன்.

இந்த ஆறு தந்திகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் இழுப்பு எவ்வளவு தெரியுமா? சாதாரணமாகப் போடும் மெல்லிய தந்திகளுக்கே சுமார் 45 கிலோ! இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை இரண்டைக் கட்டித் தொங்கவிட்டதற்குக் கொஞ்சம்தான் குறைவு. இத்தனை இழுப்பில் எந்த இடத்தில் இம்மியளவு நெகிழ்ந்தாலும் சுருதி இறங்கிவிடும்.

புதுத் தந்தி நிச்சயமாக நெகிழும். தறியிலிருந்து வந்த புதுப் புடவை முதல் நனைப்பில் சுருங்குகிறதல்லவா, இது நேர் எதிர், நீளும். அதனால் மாட்டிய அன்றே அதை இழுத்துப் பழக்கிவிட வேண்டும். சுருதி சேர்த்த பிறகு, தந்தியின் நடுவில் இரண்டு விரலால் பிடித்து, ஓர் அங்குலத்துக்கும் குறைவாக மெள்ளத் தூக்கி விடச் சொல்லுங்கள். சுருதி இறங்கியிருக்கும். மறுபடி ஏற்றி, மறுபடி இழுக்க வேண்டும். நாலைந்து தடவை செய்தால் இறங்குவது நின்றுவிடும். முறுக்காணியில் தந்தியைச் சுற்றும்போதும் கண்டபடி சுற்றக் கூடாது. கனத்த தந்திக்கு இரண்டு மூன்று சுற்று போதும். ஒன்றன்கீழ் ஒன்றாக, கையில் வளையல் அடுக்கினாற்போல் இருக்க வேண்டும். பத்துச் சுற்று சுற்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் அத்தனையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். அதுவரை சுருதி நிற்காது.

இனி முக்கியமான குற்றவாளிக்கு வருகிறேன். சுருதி இறங்கினால் எல்லோரும் முறுக்காணியைத்தான் வைவார்கள். பாவம், அநேகமாக அதன்மேல் பிசகில்லை. கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் ஆறு பள்ளங்கள் வெட்டிய ஒரு சின்னக் கட்டை இருக்கிறது பாருங்கள், கடைக்காரர் அதை 'நட்' என்பார். வீணையில் மேரு என்கிறோமே, அதே வேலைதான் இதற்கும். தந்தி அந்தப் பள்ளத்தில் வழுக்கிக்கொண்டு போய்வர வேண்டும். பள்ளம் இறுக்கமாக இருந்தால் தந்தி அங்கே சிக்கிக்கொள்ளும். நீங்கள் ஆணியை முறுக்குவீர்கள், சுருதி அசையாது. இன்னும் முறுக்குவீர்கள், அப்போதும் அசையாது. திடீரென்று 'டிங்' என்று ஒரு சத்தம். சுருதி எகிறிக் குதித்துவிடும். அந்த 'டிங்' காதில் விழுந்தால் குற்றவாளி அகப்பட்டான் என்று அர்த்தம்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை சற்று அதிகம். காரணம், கமகம். எலெக்ட்ரிக் மாண்டலினில் கர்நாடக சங்கீதம் வாசித்து உலகத்தையே வியக்க வைத்தாரே மாண்டலின் ஸ்ரீனிவாஸ் (1969–2014), அவர் வாசிப்பைக் கேட்ட பிள்ளைகள் கிடாரிலும் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அசைத்துப் பார்க்காமல் இருப்பார்களா? ஒவ்வொரு இழுப்பிலும் தந்தி அந்தப் பள்ளத்தின் வழியே கொஞ்சம் வந்து, விட்டதும் திரும்பிப் போக வேண்டும். சிக்கினால் முழுதும் திரும்பாது.

இதற்கு மருந்து பள்ளிக்கூடப் பையிலேயே இருக்கிறது: பென்சில். மெத்தென்று எழுதும் 2பி பென்சிலாக இருந்தால் விசேஷம். ஒவ்வொரு தந்தியாகத் தளர்த்தி, பள்ளத்திலிருந்து தூக்கி, பென்சில் முனையால் பள்ளத்துக்குள் நன்றாகக் கீறிவிட்டு, தந்தியைத் திரும்ப உட்கார வைக்க வேண்டும். பென்சில் கரி எண்ணெய் போல் வழுக்கிக் கொடுக்கும். எண்ணெய் போல் பிசுக்குப் பிடிக்காது. இதற்கும் அடங்காவிட்டால் பள்ளத்தை அராவி அகலப்படுத்த வேண்டியிருக்கும். அதைப் பழுது பார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள். அப்பாவின் அரத்தை எடுத்துக்கொண்டு யாரும் கிட்டே போக வேண்டாம்.

சுருதி சேர்க்கும்போது எப்போதும் கீழிருந்து மேலே வர வேண்டும். ஏறிவிட்டதா? இறக்கிக்கொண்டே வந்து நிறுத்தக் கூடாது. வேண்டிய ஸ்தானத்துக்கும் கீழே இறக்கி, பிறகு ஏற்றி நிறுத்த வேண்டும். இறக்கி நிறுத்தினால் எங்கேயோ ஓர் இடத்தில் தொய்வு ஒளிந்துகொண்டிருக்கும். இரண்டு மீட்டு மீட்டியதும் அது வெளியே வந்துவிடும்.

உங்கள் வீட்டுக் கிடாரின் குதிரையில் ஓர் இரும்புக் கம்பி, ஆட்டும் கைப்பிடி மாதிரி, நீட்டிக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் உங்கள் பொறுமைக்கு ஒரு சோதனை காத்திருக்கிறது. 1954-ல் அமெரிக்காவில் ஃபெண்டர் கம்பெனி வெளியிட்ட ஸ்ட்ராடோகாஸ்டரில் இந்த ஏற்பாடு வந்தது. அதைப் பார்த்துச் செய்த கிடார்கள்தான் இன்று கடை கடையாகத் தொங்குகின்றன. இதில் குதிரை அசையும். முன்னால் தந்திகள் இழுக்கின்றன. பின்னால், முதுகுப் பக்கம், சுருள் வில்கள் இழுக்கின்றன. காய்கறிக்காரி தராசு மாதிரிதான். ஒரு தந்தியை ஏற்றினால் குதிரை முன்னால் சாயும், மற்ற ஐந்தும் இறங்கிவிடும். அவற்றை ஏற்றினால் முதல் தந்தி இறங்கிவிடும். ஆகவே ஆறு தந்தியையும் மூன்று நாலு சுற்று வந்தால்தான் தராசு நிலைக்கு வரும். இது தெரியாமல், "இப்போதுதானே சேர்த்தேன்" என்று குழந்தை அழுவதில் ஆச்சரியம் என்ன? புதிதாகக் கற்பவர்களுக்கு அசையாத குதிரை உள்ள கிடாரே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். இனிமேல்தான் வாங்கப் போகிறீர்களென்றால் கடையில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

காந்தார வம்புக்கு வருவோம். குழந்தை தலைப்பில் கவ்விக்கொள்ளும் டியூனர் கருவியை மாட்டி, பச்சை விளக்கு எரியும்வரை பார்த்துப் பார்த்துச் சேர்க்கிறாள். தம்புராவோடு வளர்ந்த பாட்டி, "அந்த ஐந்தாவது தந்தி கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதடி" என்கிறாள். பாட்டி காது பொய் சொல்லவில்லை. சுத்தமாகச் சேரும் அந்தர காந்தாரத்தைவிடக் கிடாரின் காந்தாரம் தூக்கல்தான். இரண்டு பக்கத்து ஸ்வரங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை நூறு பங்காகப் போட்டால், அதில் 14 பங்கு தூக்கல். மேல்நாட்டில் எல்லாக் கட்டையிலும் ஒரே வாத்தியத்தை வாசிக்க வேண்டும் என்பதற்காக, பன்னிரண்டு ஸ்வரங்களையும் சம தூரத்தில் நிறுத்திவிட்டார்கள். வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் இருக்கின்றன. மேளம் கட்டுபவர் காதால் கேட்டு ஒவ்வொன்றாக நகர்த்தி வைக்கலாம். கிடாரில் மெட்டுக் கம்பிகளை மரத்தில் அடித்து இறக்கியாகிவிட்டது. பாட்டி சொல்கிறபடி அந்தத் தந்தியை இறக்கினால் அந்த ஒரு காந்தாரம் அமிர்தமாக இருக்கும். மற்ற இடத்திலெல்லாம் அந்தத் தந்தி பிசகும். ஆகையால் தந்தி சேர்ப்பதைக் கருவியிடம் விட்டுவிடுங்கள். பாட்டிக்கு நியாயத்தை எடுத்துச் சொல்லுங்கள். அவள் காதைக் குறை சொல்ல வேண்டாம்.

வீணைப் பழக்கமுள்ள கை மெட்டின்மேல் அழுத்தியே பிடிக்கும். எலெக்ட்ரிக் கிடாரின் மெல்லிய தந்திக்கு அந்த அழுத்தம் கூடாது; ஸ்வரம் ஏறிவிடும். மெட்டை ஒட்டினாற்போல் லேசாக வைத்தால் போதும். ஏ.சி. அறையில் சேர்த்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாலும் சூட்டில் கம்பி நீண்டு சுருதி இறங்கும். வாசிக்கிற இடத்தில் பத்து நிமிஷம் வைத்திருந்துவிட்டுச் சேர்க்கட்டும்.

இத்தனைக்கும் பிறகு, கழுத்தின் தலைப்பில் சேர்ந்தும் மேலே போகப் போகச் சேராமல் இருக்கிறதா? பன்னிரண்டாவது மெட்டை அழுத்தி ஒரு தடவை, அதே மெட்டுக்கு நேர் மேலே தந்தியை அழுத்தாமல் தொட்டு மணிபோல் ஒரு தடவை, மீட்டச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது தூக்கலாக இருந்தால், குதிரையில் அந்தத் தந்தி உட்காரும் துண்டைத் திருப்புளியால் பின்னால் தள்ள வேண்டும். இறக்கமாக இருந்தால் முன்னால். ஒவ்வொரு தந்திக்கும் தனித் திருகாணி உண்டு. பழைய தந்தியை வைத்துக்கொண்டு இந்தச் சோதனை செய்யக் கூடாது. துருவும் வியர்வையும் ஏறிய தந்தி எங்கே நிறுத்தினாலும் பொய்தான் சொல்லும்.

அந்த வியர்வைக்காக, வாசித்து முடித்ததும் பழைய வேஷ்டித் துணியால் ஆறு தந்தியையும் துடைத்து வைக்கப் பழக்குங்கள். இரவில் தந்திகளைத் தளர்த்தி வைக்க வேண்டாம். கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் தந்திகளின் இழுப்புக்கு ஏற்றபடிதான் சரிசெய்திருக்கிறார்கள். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் வாசிக்கப் போகிறாளென்றால் புதுத் தந்தியை இரண்டு மூன்று நாள் முன்னதாகவே மாற்றிவிடட்டும். காலையில் மாற்றி, மாலையில் மேடை ஏற வேண்டாம்.