சோதனையில் பாஸ், வாசகருக்கு ஃபெயில்

"எல்லாப் படத்துக்கும் ஆல்ட் டெக்ஸ்ட் (படத்துக்கான மாற்று எழுத்து) போட்டாச்சு, சோதனைக் கருவியில் பச்சை டிக் வந்தாச்சு" என்று சொல்லிவிட்டால் பார்வையற்றோருக்கான கடமை தீர்ந்தது என்று நம் இணையதளக்காரர்கள் பலர் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு மட்டுமல்ல, சோம்பேறித்தனத்துக்குச் சான்றிதழும்கூட.

லைட்ஹவுஸ், ஆக்ஸ், வேவ் போன்ற கருவிகள் முக்கியமாகப் பார்ப்பது படத்துக்கு ஆல்ட் இருக்கிறதா என்பதை. 'இமேஜ்' என்றோ கோப்பின் பெயரையோ எழுதியிருந்தால் சில கருவிகள் எச்சரிக்கும். எழுதியது பொருத்தமா என்று தீர்ப்புச் சொல்ல அவற்றால் ஆகாது.

மின்தடை அறிவிப்பைப் படமாகப் போடுகிறார்கள். தெருப் பெயர்கள், நேரம் எல்லாம் படத்துக்குள். ஆல்டில் 'மின்தடை அறிவிப்பு' என்று இரண்டே சொற்கள். கருவி பாஸ் போடும். திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடரில் கேட்பவருக்கோ எந்தத் தெரு, எத்தனை மணி என்பது தெரியாது. அந்த விவரத்தைப் பக்கத்திலேயே எழுத்தாகப் போட்டிருக்க வேண்டும். தேடல் பொத்தானுக்கு 'பூதக்கண்ணாடி' என்று எழுதினாலும் பாஸ்தான். அங்கே வேண்டியது 'தேடு' என்ற சொல். வெறும் அலங்காரப் படம் என்றால் ஆல்டைக் காலியாக விட வேண்டும். ஆல்டையே அடியோடு நீக்கிவிட்டால் சில ஸ்கிரீன் ரீடர்கள் கோப்பின் பெயரையே வாசித்துத் தொலைக்கும்.

"ஆயிரக்கணக்கான படங்களுக்கு யார் எழுதுவது? ஏஐ எழுதட்டுமே" என்பார்கள். எழுதட்டும், ஆனால் ஆள் பார்த்துத் திருத்த வேண்டும். ஜவுளிக்கடைத் தளத்தில் 'புடவை அணிந்த பெண் நிற்கிறார்' என்று அது எழுதும். வாங்க வந்தவர் கேட்பது புடவையின் உடல் என்ன நிறம், பார்டர் எவ்வளவு அகலம் என்பதை. படம் அந்தப் பக்கத்தில் எதற்காக இருக்கிறது என்பது அதைப் போட்டவருக்குத்தான் தெரியும்.

இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி 2008இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: படம் செய்யும் வேலையை எழுத்தும் செய்ய வேண்டும். டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் அங்கம் என்று 2025 ஏப்ரலில் நம் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

கருவியை ஓட்டுங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதன் பிறகு, இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ ஸ்கிரீன் ரீடரை நிறுவி, மானிட்டரை அணைத்துவிட்டு, உங்கள் தளத்தில் ஒரு புடவை வாங்கிப் பாருங்கள். வாங்க முடியவில்லையா? அந்தப் பச்சை டிக்கை அறிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள்.