‘பிரமயுகம்’: போற்றிக்கு முன்ஜாமீன்

2024 பிப்ரவரியில் மலையாள இயக்குநர் ராகுல் சதாசிவனின் ‘பிரமயுகம்’ வந்ததிலிருந்து, அதைச் சாதி எதிர்ப்புப் படம் என்று நம் தோழர்களே கொண்டாடுகிறார்கள். பார்ப்பனரைப் பேயாகக் காட்டிவிட்டாராம். படத்தைச் சரியாகப் பாருங்கள் தோழர்களே. பார்ப்பனர் பேய் என்று அது சொல்லவில்லை. பேய்தான் பார்ப்பன வேடம் போட்டிருக்கிறது என்கிறது.

கதை நடப்பது 17ஆம் நூற்றாண்டு மலபாரில். அடிமை வியாபாரிகளிடமிருந்து தப்பி ஓடும் பாணன் தேவன், காட்டுக்குள் பாழடைந்த மனை ஒன்றில் அடைக்கலம் புகுகிறான். மனைக்காரர் கொடுமண் போற்றி (மம்முட்டி) அவனை உபசரித்துப் பகடை ஆட அழைக்கிறார். பணயமாக அவனுடைய காலத்தையே வைக்கச் சொல்கிறார். தோற்றால் வெளியேற முடியாது. இதுவரை எனக்கும் படத்தோடு சண்டையில்லை. இன்னொருவரின் வாழ்நாளை எழுதி வாங்கிக்கொள்வதுதானே சாதி? அதை ஒரு பகடை ஆட்டத்தில் காட்டியது தேர்ந்த வேலை.

பிறகு முடிச்சு அவிழ்கிறது. போற்றி, போற்றியே அல்ல. மனையின் முன்னோர் மந்திரத்தால் அடிமைப்படுத்திய சாத்தன், எசமானைக் கொன்றுவிட்டு அவர் உருவில் உட்கார்ந்திருக்கிறான். ஆக, நாம் இரண்டு மணி நேரம் பார்த்து நடுங்கிய கொடுமை ஆண்டையுடையது அல்ல, விடுபட்ட அடிமையுடையது! முடிவில் அந்தச் சாத்தன் தேவனின் உடலுக்குள்ளும் புகுந்துகொள்கிறான். ‘அதிகாரம் யாரையும் கெடுக்கும்’ என்று இதற்குப் பொழிப்புரை வேறு. ‘உங்களிடம் அதிகாரம் வந்தால் நீங்களும் இதைத்தானே செய்வீர்கள்’ என்று இடஒதுக்கீட்டு விவாதம் தோறும் நம்மிடம் கேட்கப்படும் அதே கேள்விதான் இது. இம்முறை கருப்பு வெள்ளையில், அழகான ஒளிப்பதிவோடு.

வடகேரளத்துக் குட்டிச்சாத்தன் தெய்யத்தின் கதை வேறு. சொன்னபடி கேளாத சாத்தனைக் காளகாட்டு இல்லத்து நம்பூதிரி துண்டு துண்டாக வெட்டி ஓமத்தீயில் போடுகிறார். தீயிலிருந்து பல சாத்தன்கள் எழுந்து வந்து பார்ப்பன வீடுகளைக் கொளுத்துகிறார்கள். வெட்டியவர் யார், வெட்டுப்பட்டவர் யார் என்பதில் அந்தக் கதைக்குக் குழப்பமே இல்லை. தெய்யம் கட்டி ஆடுவோர் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பதை நினைத்தால் இது ஆச்சரியமும் இல்லை. ராகுலோ சாத்தனை எடுத்துக்கொண்டு, அவன் கோபத்துக்கான காரணத்தை ஓரிரு வசனங்களில் கடந்துவிடுகிறார்.

இத்தனைக்கும் அவருக்குச் சமூகம் தெரியாது என்று சொல்ல முடியாது. ‘பூதகாலம்’ (2022) படத்தில் வாடகை வீடு, வேலை கிடைக்காத மகன், மன அழுத்தத்தில் உழலும் தாய். இருவரும் சொல்வதைச் சுற்றியிருப்பவர்கள் நம்ப மறுப்பதே அங்கே பேயைவிடப் பயமுறுத்துகிறது. தாயும் மகனும் படும் நெருக்கடியைப் பேயின் தலையில் கட்டிவிட்டு அந்தப் படம் தப்பிக்கவில்லை. நடுத்தர வர்க்கத்து வீட்டுக்குள் இவ்வளவு கூர்மையாகப் பார்த்தவருக்கு, பார்ப்பன மனைக்குள் நுழைந்ததும் ஏன் பார்வை மங்க வேண்டும்?

இன்னொரு வேடிக்கை. கொடுமண் போற்றிக்கு முதலில் வைத்த பெயர் குஞ்சமண் போற்றி. தங்கள் குடும்பப் பெயருக்குக் களங்கம் வரும் என்று ஒரு பார்ப்பன இல்லத்தார் கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். படக்குழு பெயரை மாற்றியது. வழக்குப் போடும் முன் படத்தை முழுதாகப் பார்த்திருந்தால், அவர்கள் இயக்குநருக்குப் பொன்னாடை போர்த்தியிருப்பார்கள்.