மடிக்கணினி: எத்தனை நாள் பேருக்கு எதை வாங்குவது?

உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகள் இருக்கும் லயங்களில் இப்போது மடிக்கணினிப் பேச்சுத்தான். பல்கலைக்கழகமோ, கல்வியியற் கல்லூரியோ, தொழிற்பயிற்சியோ, எங்கே போனாலும் அது தேவைப்படும். கையடக்கத் தொலைபேசியில் ஒப்படை எழுதிக் கண் நோகிற பிள்ளைகளை நாங்கள் தினமும் பாடசாலையில் பார்க்கிறோம். ஆகவே வாங்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வாங்கும் விதத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

2024இல் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அந்தக் கணக்கில் மாதம் 25 நாள் முழுப்பேர் விழுந்தால் 33,750 ரூபா. சேமலாப நிதிக்கு 8 வீதம் கழித்தால் மிஞ்சுவது 31,050. அரைப்பேர் போட்ட நாட்களும் வேலை கொடுக்காத நாட்களும் வந்தால் அதுவும் இல்லை. அந்தச் சம்பளத்தில் 150,000 ரூபா மடிக்கணினி என்றால் 111 நாள் பேர். கொழுந்துக் கூடையைச் சுமந்த முதுகுக்குத்தான் அந்தக் கணக்கின் பாரம் தெரியும்.

டவுனில் கடைக்காரர் விலையைச் சொல்வதில்லை, தவணையைத்தான் சொல்கிறார். அதே 150,000 ரூபா இயந்திரத்துக்கு மாதம் 9,000 வீதம் 24 மாதம் என்று வைத்துக்கொள்வோம். கேட்கும்போது சின்னத் தொகைதான். கூட்டிப் பார்த்தால் 216,000. மேலதிகமாகக் கொடுக்கும் 66,000 ரூபா அந்த 1,350 ரூபாக் கணக்கில் கிட்டத்தட்ட 49 நாள் பேர். தவணை அட்டையில் கையெழுத்து வைக்கும் முன் மொத்தத் தொகையைக் கேளுங்கள். சொல்லத் தயங்கும் கடையில் நமக்கு வேலையில்லை. நகையை அடகு வைத்து வாங்குவதும் இதே கதைதான்.

எங்கள் அபிப்பிராயம், முதல் இயந்திரமாக, பாவித்துச் சீர்செய்த நல்ல அலுவலக மடிக்கணினியே போதும். டெல், எச்.பி, லெனோவோ எல்லாமே அலுவலகங்களுக்கென்று உறுதியான மாதிரிகளைச் செய்கின்றன. அவை பெரும்பாலும் புதியதன் பாதி விலைக்குள் கிடைக்கும். மலிவான புதியது ஒன்றில் 4 ஜிபி ரெம்மும் 64 ஜிபி சேமிப்பும் மட்டுமே இருந்தால் ஆறு மாதத்தில் அது நகராது. 8 ஜிபி ரெம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. இதற்குக் குறைய வேண்டாம். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

"ஐ5 இருக்கிறது" என்பார்கள். ஐ5 என்பது மட்டும் ஒன்றும் சொல்லாது. அதற்குப் பின்னால் வரும் இலக்கத்தைப் பாருங்கள். 3320 என்றால் மூன்றாம் தலைமுறை, 2012இல் வந்தது. 8250 என்றால் எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு பொதுவாக நின்றுவிட்டது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ளவற்றில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. அதனால்தான் அந்தப் பழையவை இப்போது கடைகளில் மலிவாகக் குவிகின்றன. லினக்ஸ் போடத் தெரிந்த அண்ணன் ஒருவர் வீட்டில் இருந்தால் அவையும் உதவும், இல்லாவிட்டால் வேண்டாம்.

பற்றரியைச் சோதிக்காமல் காசைக் கொடுக்காதீர்கள். மழைக்காலத்தில் நம் லயங்களில் மின்சாரம் போவதும் வருவதும் தெரிந்ததே. புதிதாக இருந்தபோது எவ்வளவு பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று விண்டோஸே ஓர் அறிக்கை தரும். அதை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பாதிக்குக் கீழே போயிருந்தால் புதுப் பற்றரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள். இயக்கியதும் வேறொரு கம்பனியின் பெயரோ கடவுச்சொல்லோ வந்தால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். எழுத்துரிமையான உத்தரவாதமும் பற்றுச்சீட்டும் கட்டாயம். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது கடைக்காரரின் கடமை என்று 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது.

இதெல்லாம் சங்கத்தின் வேலையா என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். தீபாவளிக்கு முற்பணம் கொடுத்து மாதாமாதம் சம்பளத்தில் கழிக்கும் வழக்கம் தோட்டங்களில் ஏற்கெனவே இருக்கிறது. உயர்கல்விக்குப் போகும் பிள்ளையின் மடிக்கணினிக்கும் அப்படியே வட்டியில்லாமல் ஏன் கொடுக்க முடியாது? துரையிடம் தனித்தனியாகப் போய் நின்றால் கிடைக்காது. கமிட்டியாகக் கேட்டால் பேச வேண்டிய கட்டாயம் அவருக்கு வரும். சம்பளப் போராட்டம் பின்தள்ளப்படும் என்ற பயம் எங்களுக்கில்லை. 49 நாள் பேர் தவணைக் கடைக்குப் போவதும் சம்பளப் பிரச்சினைதான்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதைக் கோரிக்கையாக எழுதித் தலைவரிடம் கொடுங்கள். எத்தனை பிள்ளைகளுக்குத் தேவை என்ற எண்ணிக்கையையும் சேர்த்துக் கொடுங்கள். அதுவரை பொறுக்க முடியாதவர்கள், காசு கட்டுவதற்கு முன் மாதிரி இலக்கத்தையும் கடைக்காரர் சொன்ன மொத்தத் தொகையையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு, பாடசாலை விட்டதும் எங்களிடம் வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.