உட்கார வைத்துச் சோறு போடுகிறவர்கள்

நம்மூரில் ஒரு மகனுக்குக் கிடைக்கக்கூடிய உச்சபட்ச நற்சான்றிதழ் ஒன்று உண்டு. "அம்மாவ உக்கார வச்சுச் சோறு போடுறான்யா!" இந்தப் பாராட்டு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். களத்துமேட்டிலும் அடுப்படியிலும் நின்றே காலம் கழித்த பெண்களுக்கு, வயதான காலத்தில் உட்காரக் கிடைப்பதே ஒரு விடுதலை. அதை நான் கேலி செய்யவில்லை. ஆனால் அந்த அம்மாவுக்கு டிமென்ஷியா இருக்கும்போது இதே பாராட்டு விஷமாகிவிடுகிறது. பகல் முழுக்க உட்கார வைக்கிறோம். ராத்திரி தூங்கவில்லை என்று மாத்திரை கொடுக்கிறோம். முதலாவதுதான் இரண்டாவதற்குப் பெரிய காரணம் என்பதைப் பார்க்க மறுக்கிறோம். அந்த மறுப்புக்கு நாம் வைத்திருக்கும் பெயர் மரியாதை.

நான் மருத்துவர் இல்லை. மதுரையில், இரண்டு அறை வாடகை வீட்டில், ஆறு வருடமாக என் மாமியாரைப் பார்த்துக்கொள்கிறவள். அவர் நாற்பது வருடம் இட்லிக்கடை வைத்திருந்தவர். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து பழகிய உடம்பு. இப்போதும் சில நாள் மூன்று மணிக்கு என் தோளைத் தட்டி, "ஏத்தா, அரிசி ஊறப் போட்டியா?" என்று கேட்பார். ஆகவே தூக்கமில்லாத இரவு எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நரம்பியல் மருத்துவருக்காகக் காத்திருக்கும் பெஞ்சுகளில் என்னைப் போன்ற மகள்களையும் மருமகள்களையும் நிறையப் பார்த்துவிட்டேன். கதை ஏறக்குறைய ஒன்றேதான். காலையில் காபி, பிறகு டிவி முன்னால் நாற்காலி. மதியம் சாப்பாடு, இரண்டு மணி நேரத் தூக்கம், மறுபடி நாற்காலி. விளக்கு வைக்கிற நேரத்தில் "வீட்டுக்குப் போகணும்" என்று மூட்டை கட்டுதல். ராத்திரி முழுக்க நடமாட்டம். "பகல்ல சாதுவா இருப்பாங்க டாக்டர், ராத்திரிதான் பேயா மாறிடுறாங்க." பேயும் இல்லை, பிசாசும் இல்லை. பகலில் செலவாகாத உடம்பு ராத்திரியில் செலவழிக்கப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

இதில் மர்மம் ஏதும் கிடையாது. நாம் விழித்து, அசைந்து, மூளையைப் பயன்படுத்தும் நேரத்தில் அடினோசின் என்ற பொருள் மூளையில் சேர்கிறது. அது சேரச் சேரத் தூக்கத்துக்கான அழுத்தம் கூடும். பகலில் நாற்காலியிலேயே நாலைந்து முறை கண்ணயர்ந்தால் அந்த அழுத்தம் கரைந்துபோகும். இன்னொன்று உடம்பின் கடிகாரம். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஒரு சிறு நரம்புத் தொகுதி, கண் வழியாக வரும் வெளிச்சத்தை வைத்துத்தான் பகல் எது, இரவு எது என்று முடிவு செய்கிறது. அல்சைமர் நோயில் அந்தத் தொகுதியே சிதைகிறது. வயதானால் கண்ணின் லென்ஸ் மஞ்சளித்து வெளிச்சத்தைக் குறைவாகவே உள்ளே விடுகிறது. அப்படிப்பட்டவருக்கு மற்றவர்களைவிட அதிக வெளிச்சம் வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? ஜன்னலைச் சாத்தி, டியூப் லைட்டின் கீழே உட்கார வைக்கிறோம். டியூப் லைட் எரியும் அறையில் சில நூறு லக்ஸ் வெளிச்சம் இருக்கும். வாசல் வெயிலில் அது பல்லாயிரம். வெயில் நம்மூரில் ஓசியில் கிடைக்கிறது. அதை நோயாளிக்குக் கொடுக்க மட்டும் மனசு வருவதில்லை. "கறுத்துப்போயிடுவாங்க", "மயக்கம் வந்துடும்".

அடுத்தது மாத்திரை. நான்கு நிமிடத்தில் முடிந்த ஒரு சந்திப்பில் எங்களுக்கும் அது எழுதித்தரப்பட்டது. 'பகலில் என்ன செய்கிறார்' என்று ஒரு கேள்விகூடக் கேட்கப்படவில்லை. டிமென்ஷியா உள்ளவர்களின் தூக்கத்துக்கான மருந்துகளைப் பற்றி காக்ரேன் அமைப்பு 2020இல் ஒரு மதிப்பாய்வு வெளியிட்டது. பரவலாக எழுதித்தரப்படும் பென்ஸோடையஸபின் வகை மாத்திரைகளுக்கு, இந்த நோயாளிகளிடம் முறையாகச் செய்யப்பட்ட சோதனை ஒன்றுகூட அதில் சேர்க்கக் கிடைக்கவில்லை. பலன் நிரூபிக்கப்படவில்லை. தள்ளாட்டமும் விழுதலும் குழப்பமும் நன்றாகவே தெரிந்தவை. குவெட்டியாபின் போன்ற மனநோய் மருந்துகளையும் இதற்காக எழுதுகிறார்கள். அந்த வகை மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களிடம் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005இலேயே கறுப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை போடச் சொன்னது. சோதனைகளில் அந்த அபாயம் சுமார் 1.6 முதல் 1.7 மடங்கு. வன்முறையோ பிரமையோ கட்டுக்கடங்காமல் போகும்போது மருந்து தேவைப்படலாம், மறுக்கவில்லை. கொடுத்துக்கொண்டிருப்பதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரைக் கேட்டே குறைக்க வேண்டும். ஆனால் ஒரு மனிதரை ஒரு அடிகூட நடக்கவிடாமல் வைத்துவிட்டு, அதன் விளைவுக்கு மருந்து கொடுப்பதை வைத்தியம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த மாத்திரை நோயாளியின் தூக்கத்துக்கு அல்ல, நம் தூக்கத்துக்கு. அதையாவது நேர்மையாகச் சொல்லிவிட்டுக் கொடுக்கலாம்.

நடந்தால் தூக்கம் வருமா? சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் இதை வீடுகளிலேயே சோதித்தார்கள். 2005இல் வெளியான ஆய்வில் 36 அல்சைமர் நோயாளிகள், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினருடன். தினம் அரை மணி நேர நடை, வெளிச்சம், தூக்க ஒழுங்கு, குடும்பத்தினருக்குப் பயிற்சி. இரண்டு மாதத்தில் அவர்கள் இரவில் விழித்தெழுவது குறைந்தது. 2011இல் 132 பேரை வைத்து மறுபடி செய்தார்கள். நடை, வெளிச்சம், இரண்டும் சேர்ந்தது, எதுவாக இருந்தாலும் இரவில் விழித்திருக்கும் நேரம் அரை மணிக்குச் சற்று மேல் குறைந்தது. ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது குழுக்களுக்குள் வித்தியாசம் இல்லை. 'பார்த்தீங்களா, பிரயோஜனமில்லை' என்று தாவுகிறவர்கள் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். வாரத்தில் நான்கு நாளாவது விடாமல் செய்தவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்தது. ஆக, கேள்வி நடைக்கு சக்தி உண்டா என்பதல்ல. தினமும் கூட நடக்க வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதுதான்.

அதற்குள் மூன்று ஆட்சேபங்கள் வந்துவிடும். "விழுந்துட்டா?" விழலாம். ஆனால் நாற்காலியிலேயே இருப்பவரின் தொடைத் தசை மாதாமாதம் கரைகிறது. ராத்திரி, இருட்டில், மாத்திரை மயக்கத்தில், ஒன்றுக்குப் போக எழுந்திருக்கும்போது அந்தக் கால் தாங்காது. பகல் வெளிச்சத்தில் என் கையைப் பிடித்து நடப்பதைவிட அதுதான் ஆபத்து.

"எங்கயாவது போயிட்டா?" தனியாக விடச் சொல்லவில்லையே. கூடப் போகச் சொல்கிறேன். சட்டைப்பையில் ஃபோன் நம்பர் எழுதிய சீட்டு, தெருமுனைக் கடைக்காரருக்கு ஒரு வார்த்தை. பூட்டைவிட இது மேல்.

மூன்றாவதுதான் உண்மையான ஆட்சேபம், யாரும் வாய்விட்டுச் சொல்லாதது: "நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" எங்கள் வீட்டில் அத்தை காலையில் திண்ணையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பார். முருங்கைக்கீரை உருவுவார். துணி மடிப்பார், நான் அதைக் கலைத்துத் திரும்பக் கொடுப்பேன், மறுபடி மடிப்பார். ஏழு மணிக்கும் சாயந்திரம் நாலரைக்கும் கோயில் தெரு வரை போய்த் திரும்புவோம். மதியத் தூக்கம் அரை மணி நேரம்தான், அதற்கு மேல் எழுப்பிவிடுவேன். இதைப் பார்த்துவிட்டு ஒரு உறவினர் சொன்னது: "இந்த வயசுலயும் கெழவிய வேலை வாங்குறா." கேட்டுக்கொண்டிருந்த அத்தை, கையில் இருந்த வெங்காயத்தை வைக்காமலே, "நீ ரெண்டு உரிச்சுக் குடேன்" என்றார். அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

இதனால் நோய் குணமாகவில்லை. குணமாகாது. அத்தைக்கு என் பெயர் தெரியாது. இன்றும் வாரத்தில் ஒன்றிரண்டு இரவுகள் எழுந்து உட்காருவார். நடை மட்டும் எல்லாவற்றையும் சரிசெய்யாது என்பதால் மற்றதையும் பார்க்க வேண்டும்: மலச்சிக்கல், மூட்டு வலி, மூத்திர எரிச்சல், சாயந்திரத்துக்குப் பிறகு கொடுக்கும் நீர் மாத்திரை. மறதிக்குத் தரும் டோனெபெசிலை இரவில் கொடுத்தால் சிலருக்குக் கெட்ட கனவு வந்து தூக்கம் கெடும். காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். 'எழுந்திரிக்கிறாங்க' என்று புகார் சொல்வதற்கு முன், ஏன் எழுந்திரிக்கிறார்கள் என்று கேட்பதுதான் பராமரிப்பு.

இந்தியாவில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம், ஏறக்குறைய 88 லட்சம் பேர், டிமென்ஷியாவுடன் வாழ்வதாக 2023இல் வெளியான ஒரு தேசிய ஆய்வு மதிப்பிட்டது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் வீடுகளில்தான் இருக்கிறார்கள். வீடு என்றால் ஒரு பெண் என்று பொருள். சமைத்து, துவைத்து, குளிப்பாட்டி, ராத்திரியும் விழித்திருப்பவளிடம் போய் 'தினம் இரண்டு முறை நடக்கக் கூட்டிப்போ' என்று சொன்னால் அவள் என்னை அடிக்க வரலாம். நியாயம். அதனால்தான் இதை அவளிடம் சொல்லவில்லை. மாதாமாதம் பணம் அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் "அம்மா எப்படி இருக்காங்க, ரெஸ்ட் எடுக்கச் சொல்லு" என்று சொல்லும் மகன்களிடம் சொல்கிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, காலையில் பூங்காவில் நண்பர்களுடன் எட்டு ரவுண்டு நடந்துவிட்டு வரும் மகன்களிடமும்தான். எட்டில் இரண்டு ரவுண்டு அம்மாவோடு நடந்தால் உங்கள் சர்க்கரை ஏறிவிடாது. என் கணவர் சாயந்திர நடையை எடுத்துக்கொண்ட பிறகுதான் எங்கள் வீட்டில் வாரத்துக்கு ஏழு நாள் என்பது சாத்தியமானது.

அரசிடமும் சொல்ல இருக்கிறது. பெற்றோர் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம், பராமரிப்பு என்றால் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் என்கிறது. உட்கார வைத்துச் சோறு போடுவதைத்தான் சட்டமும் சொல்கிறது. 2021இல் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார். வாசல் வரை வர முடியும் என்றால், வார்டுக்கு ஒரு பகல்நேர மையம் அமைக்கவும் முடியும். காலை பத்து மணிக்கு விட்டு, நான்கு மணிக்குக் கூட்டிவரும்படி ஒரு இடம். மரநிழல், நடக்கப் பாதை, கைக்கு ஏதாவது வேலை. அங்கே போய் வருகிறவர் ராத்திரி தூங்குவார். அந்த ஆறு மணி நேரத்தில் அவரைப் பார்த்துக்கொள்கிறவளும் கொஞ்சம் தூங்குவாள்.

அடுத்த முறை யாராவது "அம்மாவ உக்கார வச்சுச் சோறு போடுறான்" என்று பெருமையாகச் சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எத்தனை மணி நேரம்?