பூஜ்யம்னா மங்கலா, இருட்டா?

ராத்திரி பதினொன்றரைக்கு போன். அண்ணன் மகள். "சித்தப்பா, லேப்டாப் செத்துப் போச்சு. ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரல." குரலே உடைஞ்சிருந்தது. காலையில் காலேஜுக்கு அசைன்மென்ட் அனுப்பணும். ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. செருப்பை மாட்டிக்கிட்டு ஓடினேன்.

போய்ப் பார்த்தால் உள்ளே ஃபேன் சுத்துற சத்தம் கேட்குது. சார்ஜர் லைட் எரியுது. செல்போன் டார்ச்சைச் சாய்த்து ஸ்கிரீனில் அடித்தேன். கிணத்துக்குள்ள விழுந்த குடம் மாதிரி, அவள் பாதி அடித்து வைத்திருந்த கட்டுரை உள்ளே லேசாகத் தெரிந்தது. எழுத்தெல்லாம் பத்திரம். பின்னாலிருந்து வெளிச்சம் தருகிற பேக்லைட் மட்டும் அணைந்து கிடந்தது. பிரைட்னஸ் கூட்டுகிற பட்டனை ஒரு தட்டு. பளீரென்று வந்துவிட்டது.

"என்னத்தம்மா தொட்ட?"

"வெளிச்சத்தக் கம்மி பண்ணேன் சித்தப்பா. அவ்வளவுதான்."

ஏன் கம்மி பண்ணினாள்? ஒத்த ஹால் வீடு. மதினி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். நாலு மணிக்கு எழுந்து சோறாக்கி, கம்பம்மெட்டு ஏறுகிற ஜீப்பைப் பிடிக்கணும். பாயில் படுத்தவர் முகத்துக்கு நேரே லேப்டாப் வெளிச்சம் அடித்தால் எப்படித் தூங்குவார்? என்னைப் பார்த்து, "தம்பி, அதக் கொஞ்சம் அமத்த வழியில்லையாப்பா?" என்றார். வழியில்லை. ஒரு படி கூட்டினால் ஹால் பூராவும் வெளிச்சம். ஒரு படி குறைத்தால் கும்மிருட்டு. நடுவில் ஒன்றுமே கிடையாது.

கேஸ் அடுப்பில் சிம்மில் வைக்கத் திருகினால் பொசுக்கென்று அணைந்துவிடுமே, அந்த எரிச்சல் தெரியும்தானே உங்களுக்கு? அதேதான். ஆனால் அடுப்பு பர்னரில் அடைப்பு இருக்கும், குத்திவிட்டால் சரியாகிவிடும். இங்கே விளக்கில் ஒரு கோளாறும் இல்லை. விளக்கைப் பற்றிச் சொல்கிற கணக்குதான் பொய்.

அன்றைக்கு நான் விடவில்லை. அது 2011-இல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் காலத்து மிஷின். அவளுடைய அண்ணனுக்குக் கிடைத்தது, இப்போது இவளிடம். விண்டோஸ் அதில் மூச்சு வாங்கியதால் நான்தான் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். லினக்ஸில் பேக்லைட் விஷயமெல்லாம், அதன் மையமான கெர்னலில் ஹார்டுவேரை ஓட்டுகிற டிரைவர் ஒரு ஃபோல்டரில் வெளியே காட்டும். அதில் 'மேக்ஸ் பிரைட்னஸ்' என்று ஒரு ஃபைல், உச்ச அளவு. 'பிரைட்னஸ்' என்று இன்னொன்று, இப்போதைய அளவு. திறந்தால், ஒரே ஸ்கிரீனுக்கு ரெண்டு ஃபோல்டர்! ஒன்று பயாஸ் வழியாக வருவது. உச்சம் 15 என்கிறது. இன்னொன்று நேராக ஹார்டுவேரைத் தொடுவது. அது 4882 என்கிறது. எதை நம்புவது?

4882-ஐ எடுத்து, ஒவ்வொரு எண்ணாக இறக்கிக்கொண்டே வந்தேன். 325-இல் ஹால் இன்னும் வெளிச்சமாகத்தான் இருந்தது. 60-இல் அருமை. எழுத்து தெரிகிறது, சுவரில் வெளிச்சம் விழவில்லை. 24 வந்ததும் மினுக்க ஆரம்பித்தது. 20-இல் போய்விட்டது.

இப்போது கணக்குப் போடுங்கள். 4882-ஐப் பதினைந்து படியாக வெட்டினால் ஒரு படிக்கு 325 வருகிறது. அதற்கு அடுத்த படி பூஜ்யம். ராத்திரி படிக்கிற பிள்ளைக்கு வேண்டிய வெளிச்சம் மொத்தமும் 325-க்கும் 24-க்கும் நடுவில் இருக்கிறது. ஹார்டுவேரால் முடியும், செய்து காட்டுகிறது. ஆனால் பட்டன் பின்பற்றுகிற பயாஸ் கணக்கு அந்த முந்நூறு அளவையும் அவள் கண்ணிலேயே காட்டவில்லை. பேட்டரிக்கும் இதே கதைதான். கரண்ட் போன நேரத்தில் குறைந்த வெளிச்சத்தில் இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டியிருக்கலாம் இல்லையா?

அடி வெளிச்சத்தில்தான் நம் கண்ணுக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும். நாலாயிரத்தில் முந்நூறு கூடினால் அவ்வளவாகத் தெரியாது. நாற்பதில் இருபது கூடினால் உடனே தெரியும். எந்த இடத்தில் படி நெருக்கமாக வேண்டுமோ அந்த இடத்தில் பள்ளம் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

சரி, பூஜ்யம் என்றால் என்ன? இந்தக் கேள்விக்கு லினக்ஸ் கெர்னலில் ஒரே பதில் இல்லை. வயிற்றெரிச்சலே அதுதான். சில டிரைவரில் பூஜ்யம் போட்டால் விளக்கு அணையும். சிலதில் இருப்பதிலேயே மங்கலாக எரியும். கேட்டுத் தெரிந்துகொள்ளவும் நம்பகமான வழி கிடையாது. சிஸ்டம்டி என்ற மென்பொருள் லேப்டாப் ஆன் ஆகும்போது பழைய பிரைட்னஸையே திரும்ப வைக்கும். அது உச்ச அளவில் 5 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. ஸ்கிரீன் அணைந்துவிடுமோ என்ற பயம்தான் காரணம். ஸ்கிரீனை அணைக்காத ஓர் அளவைக் கெர்னல் நம்பகமாக வைக்க விட்டால், இந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுகிறோம் என்று அதன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். படித்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. 4882-இல் 5 சதவீதம் என்றால் 244. மதினியின் தூக்கத்தைக் கெடுக்க அது போதும்.

யாரும் கவலைப்படவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஹான்ஸ் டி கோடே என்ற கெர்னல் புரோகிராமர் வருஷக்கணக்கில் இதோடு மல்லுக்கட்டியவர். புதிய கெர்னல்களில் ஒரு ஸ்கிரீனுக்கு ஒரு ஃபோல்டர்தான் என்று ஒழுங்கு வந்தது அவர் வேலையால்தான். பூஜ்யம் என்றால் அணைப்பா, குறைந்த வெளிச்சமா என்று டிரைவரே சொல்லும்படி செய்யலாம் என்று 2022-இல் யோசனையும் வைத்தார். ஆனால் வேகம்தான் போதவில்லை. ஏஎம்டி கம்பெனி சிப்புக்கான டிரைவர் பல வருஷம் வெளியே 0 முதல் 255 வரைதான் காட்டியது. உள்ளே விளக்கை ஓட்டுகிற பல்ஸ் கணக்கு 65,535 வரை போகும். 2025-இல்தான் அந்த முழு அளவையும் வெளியே காட்டும் மாற்றம் வந்தது. உள்ளே இருப்பதை வெளியே சொல்ல இத்தனை வருஷமா?

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் வந்து பாருங்கள். முல்லைப்பெரியாறு அணை மட்டம் எவ்வளவு என்று டீக்கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார். அணையின் முழு அளவு 152 அடி என்பது தெரியும். 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 வரை தேக்கலாம் என்றதும் தெரியும். அதைவிட முக்கியமாக, 104 தெரியும். 104 அடிக்குக் கீழேயும் அணையில் தண்ணீர் கிடக்கும். ஆனால் சுரங்கம் வழியாக நம் பக்கம் ஒரு சொட்டு வராது. 14,707 ஏக்கர் இருபோக வயலுக்கு பூஜ்யம் எங்கே இருக்கிறது என்றால், 104-இல் இருக்கிறது. அதை யாரும் மறைக்கவில்லை. அதனால்தான் நாற்றங்கால் போடலாமா வேண்டாமா என்று எங்கள் ஊர் சம்சாரியால் முடிவெடுக்க முடிகிறது. வைகை அணையைப் பாருங்கள். மொத்தம் 71 அடி. 66 வந்தால் முதல் எச்சரிக்கை, 68.5-இல் ரெண்டாவது, 69-இல் மூணாவது. கரையோரத்து ஜனங்களுக்கு அந்த மூணு எண்ணும் மனப்பாடம். அணையில் ஒன்று முதல் பதினைந்து வரை படி போட்டு, எந்தப் படியில் மதகு வறளும் என்று சொல்லாமல் விட்டிருந்தால் விவசாயம் நடந்திருக்குமா?

இவ்வளவு பெரிய அணைக்குச் சொல்ல முடிந்ததை, உள்ளங்கை அகல விளக்குக்குச் சொல்ல என்ன தடை? மிகவும் கீழே இறக்கினால் விளக்கு மினுக்கும், அதனால் மறைத்து வைக்கிறோம் என்பார்கள். மினுக்கட்டும். 24-க்குக் கீழே மினுக்கும் என்று சொல்லுங்கள். எல்லை இதுதான் என்று சொல்வது வேறு, எல்லையே தெரியாமல் மூடி வைப்பது வேறு. அன்றைக்கு அந்தப் பிள்ளை தன் லேப்டாப் செத்துவிட்டது என்று நினைத்து அழுதாளே, அதற்கு யார் பொறுப்பு?

கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் படித்துப் போய் சென்னையிலும் பெங்களூரிலும் டிரைவர் எழுதுகிற பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். உங்களைத்தான் கேட்கிறேன். உச்சம் எவ்வளவு, விளக்கு ஒழுங்காக எரிகிற கடைசி அளவு எவ்வளவு, பூஜ்யம் என்றால் அணைப்பா மங்கலா, இந்த மூணையும் ஹார்டுவேரில் இருக்கிறபடியே வெளியே சொல்லுங்கள் தம்பி.

அண்ணன் மகளுக்கு இப்போதைக்கு ஒரு ஷார்ட்கட் கீ வைத்துக் கொடுத்திருக்கிறேன். அமுக்கினால் நேராக 60-க்குப் போகும். மதினி நாலு மணி வரைக்கும் தூங்குகிறார்.