கைக்குப் பழகிய குறை

பழைய மோட்டார்க் கார் வைத்திருப்போரிடம் ஒரு பெருமை உண்டு. "எனது கார் எனது கைக்குத்தான் அடங்கும்; பிறர் ஓட்டினால் தெருவெல்லாம் அலையும்" என்பார்கள். நாமும் பல ஆண்டுகளாக அவ்வாறே சொல்லித் திரிந்தோம். அது பெருமையன்று, நோயின் குறி என்பதைச் சென்ற ஆடி அமாவாசையன்றுதான் அறிந்துகொண்டோம்.

எமது தகப்பனார் விட்டுச் சென்ற கார் 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். 1990களின் தடைக்காலத்தில் பெற்றோல் கிடையாதபோது மண்ணெண்ணெயைக் குடித்தும் எம்மை ஏற்றிச் சென்ற வண்டி அது. விடுமுறைக்கு வந்திருந்த எமது மருமகன் ஒருநாள் அதனைச் சந்தைவரை ஓட்டிச் சென்று வந்தான். வந்தவன், "மாமா, ஸ்டியரிங் ஆடுது. ஒருக்கால் சில்லைக் கிளப்பிப் பார்க்க வேணும்" என்றான். "தம்பி, நீ பிறக்கிறதுக்கு முதலே நான் இந்தக் காரை ஓடினவன்" என்று அவன் வாயை அடைத்துவிட்டோம்.

அடுத்த வாரம் அமாவாசை. தகப்பனாருக்குரிய கடனைச் செய்யக் கீரிமலைக்குப் புறப்பட்டோம். பின் ஆசனத்தில் எமது முதிய தாயாரும் தமக்கையாரும் இருந்தனர். ஸ்டியரிங்கை முற்றாக ஒடித்துப் படலையால் பின்னோக்கி எடுத்த வேளையில் 'டொக்' என ஓர் ஓசை கேட்டது. காரின் முன்மூலை நிலத்திற் குந்தியது. வலப்பக்கச் சில்லு கால் முறிந்த மாடுபோல் வெளியே சரிந்து கிடந்தது. ஒருவருக்கும் காயமில்லை. ஆயின், இன்னும் பத்து நிமிடங் கழித்துக் காங்கேசன்துறை வீதியில், எதிரே பஸ் வருகையில் அது நேர்ந்திருந்தால்? அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

குறை எங்கே இருந்தது? 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரின் ஸ்டியரிங் அமைப்பு எளிமையானது. ஸ்டியரிங் தண்டின் அடியிலுள்ள சிறு பற்சில்லு, பல்வெட்டிய ஓர் இரும்புச் சட்டத்தை இடமும் வலமும் நகர்த்துகின்றது. அச்சட்டத்தின் இரு முனைகளிலுமுள்ள கோல்கள் சில்லுகளைத் திருப்புகின்றன. இவ்வமைப்பு நலமாக இருக்கும்போது ஸ்டியரிங்கில் வெற்றாட்டம் இல்லையென்றே சொல்லலாம். விரலளவு அசைத்தாலும் சில்லு அசையவேண்டும்.

ஆயினும் இக்காருக்கு ஒரு பலவீனம் உண்டு. முன்சில்லைத் தாங்கும் 'கிங் பின்' என்ற தூணின் மேல்முனையும் கீழ்முனையும் திருகாணிபோலப் புரிவெட்டப்பட்டவை. அவை புரியுள்ள பிடிகளுக்குள் திரும்புகின்றன. காரின் முன்பாரம் கீழ்ப்புரியிலேயே தொங்குகின்றது. கிறீஸ் வற்றினால் புரி தேயும். தேய்ந்த புரி ஒருநாள் பிடியைவிட்டுக் கழன்றுவிடும். எமக்கு நேர்ந்தது இதுவே. தேய்வு ஒரே நாளில் வருவதன்று. மயிரிழை மயிரிழையாக வளர்வது. கையும் அதனோடு சேர்ந்து பழகிவிடுகின்றது. புதிய கை மட்டுமே அதனை உணரும்.

ஆதலால் பழைய கார் வைத்திருக்கும் குடும்பத்தினர் தாமே செய்யத்தக்க சோதனைகளை முறையாகச் சொல்கின்றோம்.

முதலாவது, ரயரின் காற்று. மைனரின் பழைய வகை முன்ரயர்களுக்குச் சதுர அங்குலத்துக்கு 22 இறாத்தல் காற்று வேண்டும். இன்றைய ரேடியல் ரயராயின் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். காற்றுக் குறைந்தால் ஸ்டியரிங் பாரமாகும். ஒரு பக்கம் மட்டும் குறைந்தால் கார் அப்பக்கம் இழுக்கும். காற்றுச் சரியாயிருந்தும் இழுத்தால், இரு முன்சில்லுகளையும் பக்கம் மாற்றிப் பூட்டிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் ரயரில். மாறாவிடின் ஒரு பக்கப் பிறேக் இறுகியுள்ளதா என்றும், சில்லுகளின் நேர் தவறியுள்ளதா என்றும் பார்க்கவேண்டும். மைனரின் முன்சில்லுகள் முன்புறத்தில் 3/32 அங்குலம் மட்டுமே உள்நோக்கி ஒடுங்கியிருத்தல் வேண்டும்.

இரண்டாவது, வெற்றாட்டம். கார் நிலத்தில் நிற்க, ஒருவர் ஸ்டியரிங்கை இருபுறமும் சிறிது அசைக்க, மற்றவர் குனிந்து முன்பக்கத்தைப் பார்க்கவேண்டும். கோல் அசைந்தும் சில்லு அசையாவிடின் கோல்முனையின் குண்டு மூட்டுத் தேய்ந்துவிட்டது. பற்சட்டத்தின் கூடே அசைந்தால் அதனைப் பிடித்துள்ள ஆணிகள் தளர்ந்துள்ளன.

மூன்றாவதே எமது மருமகன் சொன்னது. பின்சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, முன்சில்லை ஜக்கினாற் கிளப்பி, காரின் அடிச்சட்டத்துக்கு உறுதியான தாங்கி வைத்த பின்னரே இதனைச் செய்க. ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழ் தலை நீட்டுதல் கூடாது. சில்லின் உச்சியையும் அடியையும் பிடித்து முன்பின்னாக ஆட்டுங்கள். ஆட்டம் இருப்பின் ஒருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் தேய்ந்தது சில்லின் பெயரிங். நில்லாவிடின் தேய்ந்தது கிங் பின் புரி. அந்தக் காரை அதற்குமேல் ஓர் அடியும் ஓட்டாதீர்கள்.

நான்காவது, பாரமான ஸ்டியரிங். சில்லு கிளம்பிய நிலையிற் கோலைக் கழற்றிவிட்டுச் சில்லைக் கையால் திருப்புங்கள். சில்லு இறுகியிருந்தால் கிங் பின் கிறீஸின்றி வறண்டுள்ளது. சில்லு இலகுவாகத் திரும்பினால் பற்சட்டத்தைப் பாருங்கள். அதன் முனைகளிலுள்ள ரப்பர் உறைகள் கிழிந்து எண்ணெய் வடிந்திருக்கலாம். கழற்றிய மூட்டைத் திரும்பப் பூட்டுகையில் இறுக்கத்தை ஒரு திருத்துநரிடம் ஒருமுறை காட்டுவது நன்று.

கிறீஸ் அடிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. கார் நிலத்தில் நிற்கையில் அடித்தால், பாரம் அழுத்தும் புரிமுகத்துக்குக் கிறீஸ் செல்லாது. சில்லைக் கிளப்பி, இருபுறமும் திருப்பித் திருப்பி, பழைய அழுக்கு வெளியேறிப் புதிய கிறீஸ் தோன்றும்வரை அடிக்கவேண்டும். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை செய்தால் போதும். அரைமணி நேர வேலை. நாம் பல ஆண்டுகளாகச் சோம்பலால் விட்டது அந்த அரைமணி நேரத்தையே.

இரு பக்கக் கிங் பின்களையும் பிடிகளையும் புதிதாக மாற்றினோம். ஒரு பக்கம் தேய்ந்தால் மறுபக்கமும் அதே வயதினதுதானே. கார் வீடு திரும்பிய நாளன்று திறப்பை மருமகன் கையிற் கொடுத்து, "தம்பி, நீ ஓடிப் பார்த்துச் சொல்லு" என்றோம். அவன் எம்மைப் பார்த்துச் சிரித்தான். பழையதை ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டி வந்து, "இப்ப நல்லாயிருக்கு மாமா" என்றான். அதன் பின்னர் நாம் ஓட்டியபோது ஸ்டியரிங் எமக்கே புதிதாக இருந்தது. எவ்வளவு குறையைக் கை பொறுத்திருந்தது என்பது அப்போதுதான் விளங்கிற்று.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை எமது காரை வேறொருவரிடம் ஓட்டக் கொடுக்கின்றோம். அவர் சொல்வதைக் கேட்டுக்கொள்கின்றோம். சொல்பவர் இளையவராயிருந்தாலும் கேட்டுக்கொள்கின்றோம்.