கைவண்ணமா, காசுவண்ணமா?

மேசைமேல் சிற்றுருவப் படைகளை நிறுத்தி ஆடும் போர் விளையாட்டு செல்வர்க்கே உரியது என்பர் சிலர். கடையில் விற்கும் குன்றும் கோட்டையும் வாங்க இயலாதார் அதில் இறங்கலாகாது என்பது அவர்தம் வாதம். இது வரலாறு அறியாதார் கூற்று.

1913இல் இவ்விளையாட்டிற்கு நூலொன்றில் விதி வகுத்தவர் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ். அவருடைய போர்க்களம் எதனால் ஆனது? தடித்த நூல்கள் நிலப்பரப்பாயின; பலகைத் துளைகளில் செருகிய சுள்ளிகள் காடாயின; அட்டைகள் வீடுகளாயின. 1983இல் 'வார்ஹேமர்' விளையாட்டை வெளியிட்ட கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனத்தின் இதழும், அக்காலத்தில், தீர்ந்துபோன வாசனைப்பூச்சுக் கூட்டினால் போர் ஊர்தி செய்யக் கற்பித்தது.

உருவங்களுக்குப் பணம் வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் களத்திற்கு வேண்டுவது கைத்திறனே. பெட்டிகளில் பொதிந்து வரும் பாலிஸ்டைரின் நுரையைச் செதுக்கி, வெண்பசை பூசி, மணல் தூவி, நீரில் கரையும் வண்ணம் தீட்டினால் குன்று தோன்றும். தெளிப்பு வண்ணத்தை நேரே அடித்தாலோ நுரை கரைந்துவிடும். காய்ந்த தேயிலைச் சக்கை காட்டுச் சருகாகும். உருவத்திற்குக் கருவண்ணம் பூசி உலர்த்தி, வெளிர்வண்ணம் தோய்ந்த தூரிகையைத் துணியில் துடைத்து, எஞ்சியதை மேடுகளில் மட்டும் மெல்லத் தேய்த்தால், ஆடையின் மடிப்பும் முகத்தின் வடிவும் துலங்கும். இவற்றுள் எதனைக் காசு கற்பிக்கும்?

வாங்கியதைப் பரப்பி வைப்பது நுகர்வு. எறிந்ததில் மலையைக் காண்பது கலை. "உன்னால் இயலாது, வாங்கிக்கொள்" என்னும் வணிகக் குரலுக்கு மாணவர் செவிசாய்ப்பின், இழப்பது பணத்தை மட்டுமன்று. தம் கைகளின்மீது கொண்ட நம்பிக்கையையும் ஆகும். அந்நம்பிக்கையைக் காப்பது ஆசிரியர் கடன்.